மூன்றில் ஒரு சுடர்

லண்டன் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் பார்வையாளர்களுக்கு ஓவியங்களை விளக்குவது என் பணி. ஜான் வில்லியம் வாட்டர்ஹவுஸ் 1888இல் தீட்டிய ‘ஷாலட் சீமாட்டி’யின் முன் வந்து நின்றதும், மெழுகுவத்திக்கு என்ன பொருள், சிலுவைக்கு என்ன பொருள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்களைச் சற்றுப் பொறுக்கச் சொல்லி, படத்தில் இது என்ன பொழுது, என்ன பருவம் என்று முதலில் கேட்பேன்.

கதை ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் கவிதையிலிருந்து வந்தது. உலகை நேராகப் பார்த்தால் சாபம் பலிக்கும் என்பதால் கண்ணாடியில் தெரிவதை மட்டுமே நெய்துகொண்டிருந்தவள், வீரன் லான்சலாட்டைக் காண நிமிர்ந்துவிடுகிறாள். பின்னர் படகேறி, ஆர்தர் மன்னனின் நகரான கேம்லாட்டை அடையுமுன்பே இறக்கிறாள். தான் நெய்த துணியையே படகில் விரித்து அமர்ந்திருக்கிறாள் என்பதைக் கதை அறிந்தபின் பார்ப்பவர்கள், அதுவரை வெறும் அலங்காரமாகத் தெரிந்த அந்த வண்ணத் துணியிலிருந்து எளிதில் கண்ணை எடுப்பதில்லை. படகின் முனையில் சிலுவையருகே உள்ள மூன்று மெழுகுவத்திகளில் இரண்டு அணைந்துவிட்டன. அவள் ஆயுள் முடியப்போவதை அவை உணர்த்துகின்றன என்பது சரிதான். ஆனால் திறந்த ஆற்றில், மாலைக் காற்றில், மெழுகுவத்தி இயல்பாகவே அணையும் என்பதால்தான் அந்தக் குறியீடு உறுத்தாமல் நிற்கிறது. படகைக் கட்டிய சங்கிலியோ இன்னும் அவள் கையில் இருக்கிறது. சாவைத் தீட்டாமல், படகை அவிழ்த்துவிடும் கணத்தைத் தேர்ந்தெடுத்ததே வாட்டர்ஹவுஸின் திறமை என்பேன்.

ரஃபேலுக்கு முந்தையோர் என்ற ஆங்கில ஓவியர் குழு 1848இல் உருவானபோது வாட்டர்ஹவுஸ் பிறக்கவே இல்லை. கருப்பொருளை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டாலும், நாணலையும் நீரையும் பிரெஞ்சு வெளிப்புற ஓவியர்களைப் போல் தளர்வான தூரிகையால் இழுத்திருக்கிறார். அந்தக் குழுவைச் சேர்ந்த மிலே, 1851இல் ஹாக்ஸ்மில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து இலை இலையாகத் தீட்டிய, ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் நீரில் மூழ்கி இறக்கும் பெண்ணின் படமான ‘ஒஃபீலியா’வும் இதே கலைக்கூடத்தின் சொத்து. அங்கே பாப்பி மரணத்தையும் டெய்சி களங்கமின்மையையும் குறிக்கும் என்று பூக்களைத் தனித்தனியே வாசிக்கலாம். இங்கே அப்படி வாசிக்கக்கூடியவை சிலவே. துயரத்தில் பெரும்பங்கு வெளிறிய வானத்திலும் கருத்த மரங்களிலும் இருக்கிறது.