பெட்டகம் நின்ற இடம்

இத்தாலியிலுள்ள பண்டைய உரோம நகரமான பொம்பேயின் வெத்தி இல்லத்தின் தரைப்படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது அதை விளங்கிக்கொள்வதில் எனக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை. வாசலைக் கடந்ததும் அத்ரியம் என்னும் முன்கூடம் வருகிறது. அதன் கூரை நடுவில் திறந்திருக்க, நேர் கீழே மழைநீர் விழுவதற்கு ஆழங்குறைந்த தொட்டி அமைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. (வன்னியில் எங்கள் ஊரில் நாற்சார் வீடு கிடையாது. பெரும்பாலானவை மண்வீடுகள், எங்களுடையது ஓடு வேய்ந்து சீமெந்து இழுத்த மூன்று அறை வீடு.)

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலுக்குள் புதைந்த இந்த இல்லம் 1894 முதல் 1896 வரை அகழப்பட்டது. இதன் உரிமையாளர்களான கொன்வீவா, ரெஸ்தித்தூதஸ் என்ற இருவரும் அடிமைநிலையிலிருந்து விடுதலை பெற்றுச் செல்வந்தரானவர்கள் என்றே ஆய்வாளர் கருதுகின்றனர். பெரிய விருந்தறையின் சுவரில் சிறகு முளைத்த குழந்தைகள் வாசனைத் தைலம் வடிக்கிறார்கள், பொன்வேலை செய்கிறார்கள், வைன் விற்கிறார்கள். முன்கூடத்தில், உள்ளே வருபவரின் கண்ணில் படும்படியாக, இரண்டு பணப்பெட்டிகள் இருந்தன. வருகிற விருந்தாளிக்குத் தாங்கள் யாரென்று காட்டவே இவ்வளவும் செய்யப்பட்டிருக்கின்றன. பணியாட்கள் புழங்கிய பக்கத்திலோ, வீட்டுத் தெய்வங்களின் மாடமும், அதன் கீழ்ப்பகுதியில் படையலை நோக்கி ஊர்ந்துவரும் பாம்பின் ஓவியமும், அடுப்பின்மேல் விட்டபடியே கிடந்த வெண்கலப் பாத்திரங்களும் காணப்பட்டன. புதூர் நாகதம்பிரானுக்குப் பொங்கி வளர்ந்த எனக்கு அந்தப் பாம்பைப் பார்த்ததும் மற்ற ஓவியங்கள் சற்று மங்கிப்போயின.

ஆனால் ஓவியத்தைக்கொண்டு மட்டும் ஒரு வீட்டின் வாழ்வை அறிய முடியாது என்பதே இந்தப் படிப்பில் நான் முதலில் கற்றது. விற்றூவியஸ் போன்ற பண்டைய உரோம எழுத்தாளர்களிடமிருந்து எடுத்த இலத்தீன் பெயர்களை அகழ்ந்தவர்கள் ஒவ்வோர் அறைக்கும் சூட்டி, இது படுக்கையறை, இது விருந்தறை என்று எழுதிவைத்தார்கள். பெனலொப்பி அலிசன் என்ற தொல்லியலாளர் பொம்பேயின் 30 வீடுகளில் எந்தப் பொருள் எங்கே கிடந்தது என்று பழைய அகழ்வுக் குறிப்புகளிலிருந்து பொறுமையாகத் தேடி எடுத்தபோது, அந்தப் பெயர்கள் பல இடங்களில் பொருந்தவில்லை. பகட்டுக்கென்று நினைத்த முன்கூடங்களில் அன்றாடப் பாத்திரங்கள் அடுக்கிய அலுமாரிகளும் பெட்டகங்களும் நெசவுத்தறியின் பாரக்கட்டிகளும் இருந்திருக்கின்றன.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. எரிமலை வெடிப்பதற்கு ஏறத்தாழ 17 ஆண்டுகளுக்கு முன்பு நகரைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியிருந்தது. திருத்தவேலை நடந்துகொண்டிருந்த வீடுகள் பல. ஓரிடத்தில் சாயச்சட்டிகளும் சுண்ணாம்பும் கிடக்க, சுவர் பாதி தீட்டியபடி நிற்கிறது. ஆகவே ஒரு பொருள் கிடந்த இடம் அது வழக்கமாக இருந்த இடமா, அல்லது அந்தர அவசரத்தில் நகர்த்தி வைத்த இடமா என்ற கேள்வி எப்போதும் இருக்கிறது.

இந்தக் கேள்வியை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். 2009 சனவரியில் போரால் நாங்கள் வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது எங்கள் விறாந்தையில் மண் நிரப்பிய உரப்பைகள் மார்பளவு உயரத்துக்கு அடுக்கியிருந்தன, சாமியறையில் நெல்மூடைகள், அம்மி பங்கர் வாசலில், உள்ளறையின் ஓடுகள் உடைந்து மழை ஒழுகியதால் அம்மம்மாவின் பெட்டகம் முன்கூடத்துக்கு வந்திருந்தது. அப்படியே சாம்பல் மூடியிருந்தால், இந்த மக்கள் சாமியறையில் நெல் சேமித்தார்கள், நிலத்தடி அறையில் அரைத்துச் சமைத்தார்கள் என்று யாராவது நல்ல மனதோடு எழுதியிருப்பார்கள்.

இருந்தாலும், பொருட்களைத் தவிர வேறு சாட்சியே இல்லாத மனிதர்களும் இருக்கிறார்கள். 2021இல் பொம்பேய்க்கு வெளியே சிவிதா ஜூலியானா என்ற இடத்து மாளிகையில் 16 சதுர மீற்றர் அளவான ஓர் அறை வெளிப்பட்டது. மரமும் கயிறும் மக்கிப்போன வெற்றிடங்களில் சாந்து ஊற்றி, 1863இல் தொல்லியலாளர் ஃபியொரெல்லி இறந்தவர்களின் உருவை மீட்ட அதே முறையில், மூன்று கட்டில்களின் வடிவத்தை எடுத்தார்கள். இரண்டு 1.70 மீற்றர் நீளம், மூன்றாவது 1.40 மீற்றர்தான் என்பதால் அதில் படுத்தது ஒரு பிள்ளையாக இருக்கலாம். மூலையில் சாடிகள் அடுக்கியிருந்தன, சுவரில் ஓவியம் கிடையாது. அடிமைகளாக இருந்த அவர்கள் பண்டசாலைக்குள்ளேயே படுத்தெழும்பியிருக்கிறார்கள். வெத்தி இல்லத்துச் சிறகுக் குழந்தைகள் அத்தனைபேரும் சொல்லாத செய்தியை அந்தக் குட்டைக் கட்டில் சொல்லுகிறது என்பது என் எண்ணம்.

மீள்குடியேறி வந்தபோது எங்கள் வீட்டில் கூரையும் கதவு நிலைகளும் இருக்கவில்லை. உள்ளறைச் சீமெந்தில் பெட்டகத்தின் நான்கு கால்கள் அழுந்திய தடம் மட்டும் இருந்தது. முன்கூடத்தில் அது நின்ற சில கிழமைகளுக்கு எந்தத் தடமும் இல்லை. சென்ற மாதம் அளவுநாடா பிடித்து அந்த வீட்டுக்கு இரண்டு தரைப்படங்கள் கீறினேன்: ஒன்று 2007இல் இருந்தபடி, மற்றது நாங்கள் விட்டுப்போன நாளில் இருந்தபடி. அம்மா இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, முதலாவதில் அம்மியைக் கிணற்றடிப் பக்கமாக மாற்றிக் கீறச் சொன்னார்.