அலாஸ்காவுக்கு அறை போட்டாயிற்று

அடுத்த வருடம் மே மாதம் போகப்போகும் அலாஸ்கா சுற்றுலாக் கப்பலுக்கு இப்போதே அறை போட்டுவிட்டேன். "இவ்வளவு முன்னாடியே யாராவது காசைக் கட்டுவாங்களாடா?" என்கிறார் அண்ணன். கட்டியது முன்பணம்தான். மீதியைப் புறப்படுவதற்கு மூன்று, நான்கு மாதம் முன்பு கட்டினால் போதும். அதற்குள் கட்டணம் இறங்கினால், பல நிறுவனங்களில் கேட்டுக் குறைத்துக்கொள்ளலாம். நாம்தான் கேட்க வேண்டும், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை கப்பல் நிறுவனங்களுக்கு ஆடித் தள்ளுபடி மாதிரி. அதில் பிடித்ததுதான் இது. ஜூலையைவிட மே மாதம் விலை குறைவு, குளிர் கொஞ்சம் கூட. பரவாயில்லை, ஸ்வெட்டர் இருக்கிறது.

கனடாவின் வான்கூவரிலிருந்து வடக்கே அலாஸ்காவின் சூவர்ட் துறைமுகம் வரை ஒருவழிப் பயணம். கரை பெரும்பாலும் வலப்பக்கம் வரும் என்பதால் அந்தப் பக்கத்து பால்கனி அறையாகத் தேடி எடுத்தேன். நல்ல அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கடைசி நேரத்தில் மலிவாகக் கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும், எஞ்சிய அறை எதுவோ அது.

சில்வர்சீ மாதிரி சொகுசுக் கப்பல்களில் டிப்ஸும் மதுவும் கட்டணத்திலேயே அடக்கம். அதையும் கூட்டிக் கழித்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

சரி, இனி விசா. நம் பாஸ்போர்ட்டுக்குக் கனடா ஒன்று, அமெரிக்கா ஒன்று. இப்போது அண்ணனும் ஒரு வருடம் போதுமா என்கிறார்.