ஐம்பத்தோரு வார வேலை

இங்கிலாந்தில் உள்ள நார்ஃபோக் கவுண்டியின் பழைய ஏழை நிவாரணக் காகிதங்களைப் படித்து அட்டவணை போடுவது என் வேலை. வொர்க்ஹவுஸ், அதாவது ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய விடுதி; அதன் பதிவேடுகளில் யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார் என்பது இருக்கும். வந்தவர் என்ன சொன்னார் என்பது இருக்காது. க்ரெஸ்ஸன்ஹால் வொர்க்ஹவுஸில் மணமாகாத தாய்மார்களுக்குத் தனி ஜாக்கெட் மாட்டினார்கள். அப்படி அடையாள உடுப்புக் கொடுப்பதை 1839இல் ஏழைச் சட்ட ஆணையர்களே கண்டித்தும் அங்கே அந்த வழக்கம் உடனே நிற்கவில்லை. அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டவள் என்ன நினைத்தாள் என்று கேட்க வழியே இல்லை.

அதனால்தான், ஒருவர் எந்த ஊர்க்காரர் என்று விசாரித்து எழுதிய குடியுரிமை விசாரணைக் காகிதங்கள் எனக்கு உயிர். அன்றைய சட்டப்படி, நிவாரணம் கேட்பவர் எந்தப் பாரிஷை (தேவாலயத்தை ஒட்டி வகுத்த ஊர்ப் பிரிவை) சேர்ந்தவரோ அந்தப் பாரிஷ்தான் செலவு செய்ய வேண்டும். எந்த ஊர் என்று கண்டுபிடிக்க மாஜிஸ்திரேட்டுகள் அவரை உட்காரவைத்து வாழ்க்கையையே கேட்டார்கள்: எங்கே பிறந்தாய், எந்தப் பண்ணையில் வேலை, என்ன சம்பளம், எத்தனை நாள்? கிளார்க் எழுதுவார், கடைசியில் பதில் சொன்னவர் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு எக்ஸ் குறி போடுவார். கிளார்க்கின் சட்ட நடை மேலே படிந்திருந்தாலும், அடியில் ஒரு மனிதரின் நினைவு இருக்கிறது.

மணமாகாத ஒருவர் முழு வருடம் ஒரே பண்ணையில் வேலை பார்த்தால் அதுவே அவருக்குச் சொந்த ஊராகிவிடும், பிறகு நிவாரணச் செலவும் அந்த ஊர் தலையில்தான். 1834இல்தான் இந்த விதியை நீக்கினார்கள். பண்ணையார்கள் சும்மா இருப்பார்களா? ஐம்பத்தோரு வாரத்துக்கு மட்டும் பேசி ஆள் எடுத்தார்கள். மிஞ்சிய ஒரு வாரத்துக்காக, உழைத்த ஊர் அவரைத் தன்னவரில்லை என்று சொல்லிவிடும். வயதாகி உடம்பு முடியாமல் போனபிறகு, எப்போதோ விட்டுவந்த ஊருக்கு அனுப்பிவைப்பார்கள். மனைவியின் ஊர், கணவனின் ஊர்தான். விதவையானால் தான் கண்ணால் பார்த்தே இராத ஊருக்கும் குழந்தைகளோடு போக நேரும். கொடுமை என்றுதான் நான் இதைச் சொல்வேன். 1846க்குப் பிறகு, ஐந்து வருடம் ஓரிடத்தில் குடியிருந்தவரை இப்படி வெளியேற்ற முடியாமல் போனது.

இந்தக் காகிதங்களை அட்டவணைப்படுத்தும்போது பெயரையும் பாரிஷையும் குறித்துவிட்டு நகர்ந்துவிடலாம். நான் அப்படிச் செய்வதில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு பண்ணையையும், சம்பளத்தையும், எந்த மாதத்தில் கிளம்பினார் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். நேரம் பிடிக்கிறது, பரவாயில்லை. தன் மூதாதையைத் தேடி வருகிறவருக்கு, வருடம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அவர் ஏன் கிளம்பினார் என்பதும் தெரிய வேண்டும்.