தண்டர்போல்ட், வெள்ளைப் பட்டை, கொஞ்சம் செம்மண்

செப்டம்பர் 26, வெள்ளி. கானாடுகாத்தான்

சண்டிகரில் இன்று மிக்-21க்கு விடை கொடுத்துவிட்டார்கள். 1963இல் நம் விமானப்படைக்கு வந்த போர் விமானம், 62 வருடம் ஓட்டியாயிற்று. காலையிலிருந்து கைபேசியில் ஒரே மிக் படம்தான். எனக்குத் தெரிந்து பிளாஸ்டிக் விமான மாடல் கட்டுகிற ஆட்கள் எல்லாரும் பரணில் கிடந்த மிக் பெட்டியை இறக்கிவிட்டார்கள் போலிருக்கிறது. என்னிடமும் ஒன்று இருக்கிறது, இருந்தாலும் நான் இறக்கியது தண்டர்போல்ட், இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்கப் போர் விமானம். ரொம்ப நாளாகக் கண்ணை உறுத்திக்கொண்டிருந்த பெட்டி.

1/72 அளவு. அதாவது ஆறடி ஆள் ஒரு அங்குலம். நிஜத்தில் 12.4 மீட்டர் இறக்கை, மேசையில் 17 செ.மீ.

தண்டர்போல்ட் என்றால் பொதுவாக எல்லாரும் கட்டுவது ஐரோப்பாவில் பறந்த அமெரிக்க விமானம், வெள்ளி உடம்பு, மூக்கில் கட்டம் கட்டமாக வண்ணம். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பிரிட்டிஷ் விமானப்படையும் இதை 830 வாங்கியது, அதைக் கொண்டுபோய்ச் சண்டைக்கு விட்டது பர்மாவில். பர்மா என்றால் எங்கள் பக்கம் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒரு கதை வரும். கதவே அங்கிருந்து வந்த தேக்குதான். அதனால் எனக்கு இந்த விமானம் பர்மா நிறத்தில்தான் வேண்டும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

எஞ்சின் முடிந்தது. 18 சிலிண்டர், ஒன்பது ஒன்பதாக இரண்டு வரிசை. முழுக்கக் கறுப்பு அடித்து, காய்ந்ததும் தூரிகையில் வெள்ளிநிறத்தைத் தொட்டு, காகிதத்தில் துடைத்துத் துடைத்து ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்கிற நிலையில் மேலாகத் தடவினால் சிலிண்டரின் வரிகள் மட்டும் ஒவ்வொன்றாக எழுந்து வரும். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு ரொம்பப் பிடித்த ஐந்து நிமிடம் அதுதான். மூக்கு வளையத்தை மாட்டினால் பாதி மறைந்துவிடும், பரவாயில்லை.

விமானி அறைக்கு மந்தமான கரும்பச்சை. நல்ல விசாலமான அறை இது. எதிரி சுட்டால் விமானி உள்ளேயே ஓடித் தப்பிக்கலாம் என்று அந்தக் காலத்தில் கேலி பேசுவார்களாம். விமானிக்குப் பின்னால் வயிற்றுக்குள், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ சூப்பர்சார்ஜர், அதற்குக் காற்று போகவும் வரவும் நீளமான குழாய்கள். உடம்பு இவ்வளவு பருத்ததற்கு அதுதான் காரணம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. நிப்பர், கத்தி, பெயிண்ட் தெளிக்கிற ஏர்பிரஷ், அதற்குக் காற்றுத் தரும் கம்ப்ரசர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். அப்பத்தா பொரிகடலைத் தட்டைக் கம்ப்ரசர் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இன்று எதையும் தொடக்கூடாது, தொடவில்லை.

அக்டோபர் 4, சனி

உடம்பின் இரண்டு பாதியும் ஒட்டியாயிற்று. தெரியாதவர்களுக்காக: இது ஃபெவிகால் மாதிரி நடுவில் நின்று பிடிக்கிற பசை இல்லை. தண்ணீர் மாதிரி இருக்கும், இணைப்பில் தூரிகை நுனியால் தொட்டால் தானே உள்ளே ஓடி இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். கொஞ்சம் அழுத்தினால் இளகிய பிளாஸ்டிக் நூல் கனத்துக்கு வெளியே பிதுங்கும், அது பிதுங்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டால் கோடே தெரியாது. இறக்கை அடியில் மட்டும் இடைவெளி இருந்தது, அங்கே பட்டி பார்த்தேன்.

செட்டிநாட்டு வீட்டில் மாடல் கட்டுகிறவனுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு, ஆத்தங்குடிக் கல். சிமெண்ட் தரையில் ஒரு துண்டு விழுந்தால் தேடி எடுத்துவிடலாம். கண்ணாடி மேல் கலர் ஊற்றிச் செய்த அந்தப் பூவும் கொடியும் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக இருக்கிற தரையில் எள் அளவு துண்டு விழுந்தால் போனது போனதுதான். பழைய வேட்டி ஒன்றை மேசை விளிம்பில் கிளிப் போட்டு, மறு முனையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தால் எது விழுந்தாலும் மடியில் விழும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

அக்டோபர் 8, புதன்

வெள்ளை அடித்தேன். இந்த மாடலில் வெள்ளைதான் முதலில், மற்ற நிறமெல்லாம் அப்புறம்.

காரணம் இருக்கிறது. பர்மா முனையில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களில் சிவப்பே கிடையாது. ஜப்பானிய விமானத்தில் நாட்டு அடையாளமாகச் சிவப்பு வட்டம், தங்கள் வட்டத்திலும் நடுவில் சிவப்பு, அவசரத்தில் சொந்த ஆளே சுட்டுவிடுவான் என்று அதை எடுத்துவிட்டு, கரு நீலத்துக்குள் வெளிர் நீலம் என்று மாற்றினார்கள். அதோடு தண்டர்போல்ட்டுக்கு மூக்கு, இறக்கை, வால் எல்லாவற்றிலும் வெள்ளைப் பட்டை. இறக்கைப் பட்டை என் மாடலில் ஒரு செ.மீ. அகலம் வருகிறது. கரும்பச்சை மேல் வெள்ளை அடித்தால் எத்தனை பூச்சு போட்டாலும் அடிநிறம் எட்டிப் பார்க்கும், கடைசியில் விளிம்பு மேடு தட்டிவிடும். வெள்ளையை முதலில் மெல்லியதாகப் பல பூச்சு அடித்து, மாஸ்கிங் டேப்பை ஒட்டி மூடிவிட்டு மேலே மற்ற நிறத்தை அடிப்பதுதான் வழி. டெக்காலாக, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற படமாக, கிடைக்கிற பட்டையை நான் நம்புவதில்லை, வளைவில் சுருங்கும்.

அப்பத்தா வந்து பார்த்தார்கள். அவர்களின் அப்பச்சி, அதாவது அப்பா, ரங்கூனில் கடையில் இருந்தவர். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது, அடுத்த மார்ச்சில் ஊரே ஜப்பான் கைக்குப் போனது. மலையும் காடுமாக நடந்து மணிப்பூர் வழியாக வந்து சேர்ந்தவர், பெட்டகச் சாவியை மட்டும் இடுப்பில் முடிந்துகொண்டு. பெட்டகம் அங்கேயே.

"இது எப்பப்பா பறந்துச்சு?"

"44லேர்ந்து, அப்பத்தா. 45 மே மாசம் ரங்கூனைத் திரும்பப் பிடிச்சாங்கள்ல, அப்ப இதுவும் இருந்துச்சு."

"ரெண்டு வருசம் முன்னாடி வந்திருக்கலாம்ல?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

திரும்பப் பிடித்தும் நமக்கு ஒன்றும் திரும்பவில்லை என்பது வேறு விஷயம். சுதந்திர பர்மா 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டுவிட்டது. கீழ்ப்பர்மா நெல் வயலில் ஏறக்குறைய கால் பங்கு அப்போது செட்டியார்கள் கையில். அதில் பெரும்பகுதி 1930களின் மந்தத்தில் கடன் அடைக்க முடியாமல் போன விவசாயிகளின் நிலம். பெட்டகத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அதைப் பற்றி நம் வீடுகளில் பேசுவதில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

மேலே கரும்பச்சையும் மண்பழுப்பும், கீழே சாம்பல். நேற்றே அடித்தாயிற்று. நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் பெயிண்ட் ஏர்பிரஷ்ஷிலிருந்து கிளம்பி மாடலைத் தொடுவதற்குள் பாதி காய்ந்து மணல் மாதிரி சொரசொரக்கும், காய்வதைத் தாமதப்படுத்துகிற ரிடார்டர் இரண்டு சொட்டு விட்டால் சரியாகிவிடும். சாந்தரமாகத் தெற்குப் பக்கத்து இரண்டாம் கட்டில் முகமூடி போட்டுக்கொண்டு அடிப்பதுதான் எனக்கு வசதி. முற்றத்தைச் சுற்றின வளவில் அடித்தால் முற்றத்துக் காற்று தூசியைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். காரைக்குடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற என்.சி. தின்னர் ஏர்பிரஷ் கழுவ மட்டும், பெயிண்டில் கலக்காதீர்கள், பிளாஸ்டிக்கைக் கடித்துவிடும்.

டேப்பைப் பிரித்தேன். வெள்ளைப் பட்டை கத்தியால் வெட்டிய மாதிரி நிற்கிறது. உடனே பளபளப்பு வார்னிஷும் அடித்துவிட்டேன், வானம் மூடிக்கொண்டு வருகிறது.

அக்டோபர் 16, வியாழன்

மழை. ஸ்பிரே வேலைக்கு வழியே இல்லை. லாக்கர் பெயிண்டில் தின்னர் ஆவியாகிற வேகத்தில் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கிற ஈரம் அதில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் டெக்கால். இதற்கு மழை ஒரு தடையே இல்லை.

கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், வட்டத்தை வெட்டிப் போட்டு, காகிதத்திலிருந்து நழுவ ஆரம்பித்ததும் எடுத்து வைத்து, ஈரத் தூரிகையால் இடம் பார்த்து நகர்த்தி, பஞ்சால் ஒற்றி, மேலே மென்மையாக்கும் திரவம். கொஞ்ச நேரம் சுருங்கி அலங்கோலமாக இருக்கும், அப்போது கை வைக்கக்கூடாது. தானாக இறங்கி உடம்போடு படிந்து, தகட்டுக் கோடுகள் வட்டத்துக்குள்ளும் தெரியும். பளபளப்பு வார்னிஷ் இல்லாத சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மின்னும், அதற்குத்தான் ஞாயிறன்று அவசரப்பட்டது.

சிவப்பு இல்லாத வட்டம் கொஞ்சம் சோகையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுதான் சரி.

அக்டோபர் 19, ஞாயிறு

தகட்டுக் கோடுகளுக்கு எண்ணெய் வண்ணம், டர்பன்டைனில் கரைத்துக் கோட்டில் தொட்டால் தானே ஓடும். மதியம் கொஞ்ச நேரம் வெயில் காய்ந்தது, அந்தச் சந்தில் பளபளப்பை அடக்குகிற மட் வார்னிஷ் முடிந்தது.

கடைசியாக மண். செட்டிநாட்டில் அந்தப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது, விமானம் வருவதில்லை. அந்தப் பக்கத்துச் செம்மண்ணை எடுத்துச் சக்கரத்தில் பூசு என்று நண்பன் சொன்னான். அழகான யோசனை, ஆனால் அளவு இடிக்கிறது. 1/72இல் நம் மண்ணின் ஒரு துகள் பாறாங்கல். துணியில் சலித்தும் பார்த்தேன், இன்னும் பருக்கை. கடையில் வாங்கின பொடியையே அதே செம்மண் நிறத்துக்குக் கலந்து டயரிலும் இறக்கை வேரிலும் லேசாகத் தடவினேன். நிறைய பேர் இந்த இடத்தில்தான் கையை அடக்க மாட்டார்கள், விமானம் சேற்றுக் குழியிலிருந்து இழுத்து வந்தது போலாகிவிடும்.

நாளைக்குத் தீபாவளி. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் பிள்ளைகள் எல்லாம் வந்து இறங்கியாயிற்று, "மாமா, இது பறக்குமா?" என்று இதுவரை கேட்காத பிள்ளை இல்லை. விமானம் மேல் அலமாரிக்குப் போகிறது. இறக்கையில் துருத்திக்கொண்டு நிற்கிற, வேகம் அளக்கிற பிட்டோ குழாயை அவர்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு ஒட்டிக்கொள்கிறேன்.