கருவாடு கெடாத ஊரில் மெத்தை ஏன் பூக்குது?

ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம், உச்சிப்புளி ஊர்கள் பக்கம் வேப்பமர நிழலில் திண்ணையும் அதில் ஒரு மெத்தையும் இருந்தால் ஐப்பசியில் ஒரு காட்சி நிச்சயம். வெள்ளை வேட்டியில் வந்த சம்பந்தி அரை மணி நேரம் பேசிவிட்டு எழுந்து போவார். பின்பக்கம் ஈர வட்டம், நடுவே கரும்புள்ளிக் கோலம். சொல்ல யாருக்கும் வாய் வராது. தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"மழையே படலையே, எப்படிப் பூத்துச்சு?"

"உப்புக்காத்து, அப்பத்தா."

"உப்புப் போட்டதாலதானடா கருவாடே கெடாம இருக்கு?"

நியாயமான கேள்விதான். கருவாட்டில் அள்ளிப் போடும் உப்பு மீனுக்குள் இருக்கும் தண்ணியை வெளியே இழுத்துவிடும். மெத்தையில் படிவதோ மெல்லிய உப்புத்தூசி. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாப்பாட்டு உப்பு கசியும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே கசிந்துவிடும். அடுக்களை உப்பு ஜாடியைப் பார்த்தால் தெரியும். வெயில் காணாத மெத்தை இப்படித்தான் ராத்திரியெல்லாம் காற்றிலிருந்து தண்ணி குடிக்கிறது. மேலே ஒட்டிய தலையெண்ணெய், வியர்வை, முறுக்குத்தூள் எல்லாம் பூஞ்சணத்துக்குத் தீனி. உறை பாலியெஸ்டர் என்றாலும் அழுக்கைத் தின்றே வளரும்.

ஆக, முதல் வேலை உப்பை எடுப்பது. சறுக்குவதும் இங்கேதான். உவர்க்கிணற்றுத் தண்ணியில் அலசினால் போன உப்பு திரும்பி வந்து உட்காரும். துவைப்பது எந்தத் தண்ணியிலும் இருக்கட்டும், கடைசி வாளி மட்டும் குடிக்க வரும் காவிரித் தண்ணி. "குடிக்கவே காணல, மெத்தைக்குக் காவிரியா?" என்று வீடு இரண்டாகும். மழைத்தண்ணி பிடித்து வைத்தால் சண்டை மிச்சம்.

புள்ளி விழுந்துவிட்டால் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வெளியே வைத்துக் காய்ந்த பிரஷால் தட்டிவிட வேண்டும். வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி தெளித்து 15 நிமிடம் விட்டுத் தேய்க்கலாம். சாயம் போகுமா என்று முதலில் ஓரத்தில் பார்த்துக்கொள்ளவும். இதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். சாம்பிராணி நாற்றத்தை மறைக்கும், அவ்வளவுதான்.

மெத்தைக்குள் இருப்பது ஸ்பாஞ்சு என்றால் முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, நிமிர்த்தி வைத்து உலர்த்த வேண்டும். மேலே காய்ந்திருக்கும், நடுவில் இரண்டு மூன்று நாள் ஈரம் நிற்கும். மடித்த செய்தித்தாளை வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். தாள் நமுத்தால் உறை போடாதீர்கள், உள்ளிருந்தே கறுத்துவிடும். இலவம்பஞ்சில் தண்ணியே படக்கூடாது, கட்டிதட்டிப்போகும். வெயிலில் போட்டுக் கம்பால் அடிப்பதோடு சரி.

சிமென்ட் திண்ணையைவிட நார்க்கட்டில் நல்லது, அடியில் காற்று ஓடும். பிளாஸ்டிக் தாள் போர்த்தினால் உள்ளே வேர்த்துக் கொட்டும். மற்றபடி கருவாட்டு முறைதான்: இரண்டு பக்கமும் திருப்பிப் போடு, பனி இறங்குமுன் எடுத்து உள்ளே வை.

கருவாட்டுக்குப் பக்கத்தில் மட்டும் காயப் போட வேண்டாம். அப்புறம் சம்பந்தி வேட்டியில் புள்ளி இருக்காது. தெருமுனை வரை பின்னாலேயே பூனை போகும்.