மகமைக் கணக்கு

விருதுநகர்ப் பக்கம் மொத்த வியாபாரக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. பருப்போ, மல்லியோ, வத்தலோ, எண்ணெயோ, எந்தச் சரக்கானாலும் பில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். சரக்கு மதிப்பு, எடைக்கூலி, ஏற்றுக்கூலி, அதற்குக் கீழே மகமை. மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை. பில் வாங்குகிறவர்களில் பலர் அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில் நானும் அதைக் கூலிகளோடு கூலியாகத்தான் பதிந்துகொண்டிருந்தேன். மாதக் கடைசியில் அந்தத் தலைப்பில் சேர்ந்த பணம் எங்கே போகிறது என்று பார்க்க ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கணக்கின் மேல் எனக்குத் தனிப் பிரியம் வந்தது.

மகமை என்பது வியாபாரிகள் தங்களுக்குள் பேசி, விற்கிற சரக்கின் மேல் தாங்களே போட்டுக்கொண்ட ஒரு வசூல். 19ஆம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஊர்களில் வண்டி கட்டி வியாபாரம் செய்த நாடார் வணிகர்கள், மாடுகளும் சரக்கும் பத்திரமாகத் தங்கப் பேட்டைகள் கட்டினார்கள். அந்தச் செலவுக்கு வந்ததுதான் மகமை. உறவின்முறை என்ற அவர்களுடைய ஊர்ச் சமுதாயச் சங்கம் அதை நிர்வகித்தது. அப்புறம் கிணறு, கோயில், கடைசியில் பள்ளிக்கூடம் என்று அது விரிந்தது. கோயிலுக்குள் நுழையும் உரிமையே மறுக்கப்பட்ட காலம் அது. கமுதி கோயில் வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அங்கேயும் நாடார்களுக்கு எதிராகத்தான் தீர்ப்பானது. கதவைத் திறக்க மறுத்தவர்களிடம் கேட்டுக்கொண்டே நிற்காமல், தங்கள் சரக்கு மூட்டையிலிருந்தே பள்ளிக்கூடம் கட்டியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலா அப்படி எழுந்த பள்ளி. வீட்டுக்கு வீடு தினமும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து அதை நடத்தினார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 1903இல் பிறந்த காமராசர் படித்தது அங்கேதான். தகப்பனார் இறந்து, குடும்பம் தளர்ந்து, படிப்பை விட்டுவிட்டு மாமாவின் ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றவர் அவர். முதலமைச்சரான பிறகு பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்ததும், 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்து பொதுமக்கள் பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமும் கொடுத்ததும் அதே வழக்கத்தின் பெரிய வடிவம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, இப்போதைக்கு வருகிறேன்.

நான் கணக்கு பார்க்கும் கடைகளின் மகமை போய்ச் சேரும் பள்ளிகளில் ஒன்று அரசு உதவி பெறும் பள்ளி. அரசு உதவி என்றதும் எல்லாம் அரசே கொடுத்துவிடும் என்று வெளியில் நினைக்கிறார்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் இருக்கும் ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசிடமிருந்து வரும். கட்டடத்தைப் பராமரிப்பதும், கூடுதலாக நிர்வாகமே நியமித்துக்கொண்ட ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு. அந்தப் பள்ளியின் செலவுப் பேரேட்டை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டு வாங்கினேன். தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டியது, கழிவறை சுத்தம் செய்யும் அம்மாவின் மாதச் சம்பளம், பினாயில், ஓடு மாற்றிய கூலி, ஆய்வகத்துக்கு அமிலம், அறிவியல் பாடத்துக்கு நிர்வாகம் வைத்த டீச்சரின் சம்பளம். இவற்றில் எதற்கும் கல்வெட்டு வைக்க முடியாது. நன்கொடையாளரைத் தேடிப் போனால், வகுப்பறை கட்டித் தருகிறேன், பெயர் போடுங்கள் என்பார்கள். அதுவும் வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கழிவறையில் தண்ணீர் வராவிட்டால் பெரிய பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வருவது நின்றுபோகும். அந்தத் தண்ணீரை ஓட வைப்பது மூட்டைக் கணக்கில் வந்த சில்லறைதான்.

தலைமையாசிரியர் என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். "தொகை கூடக் குறைய இருக்கட்டும் சார். தேதி மட்டும் மாறாம பார்த்துக்கங்க. ஒண்ணாம் தேதி ரெண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கணும்." அதிலிருந்து எல்லாக் கடைகளிலும் மாதக் கணக்கை முடிக்கும் முன்பே மகமையைப் பள்ளிக் கணக்குக்கு மாற்றிவிடும்படி வைத்துக்கொண்டேன்.

மகமையின் முழு பலமும் அது விற்பனையின் மேல் கணக்கிடப்படுவதில்தான் இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஆயிரம் கோடி விற்றுமுதல், ஐந்நூறு கோடி நிகர மதிப்பு, ஐந்து கோடி நிகர லாபம் இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொடும் கம்பெனிகளுக்குத்தான் அது. மண்டிக்காரரை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. அதோடு, லாபத்தில் பங்கு என்றால் நஷ்ட வருஷத்தில் பள்ளிக்கும் ஒன்றும் இல்லை. வத்தல் விலை படுத்துக் கடைக்காரர் கையைக் கடித்த வருஷத்திலும் மூட்டை நகர்ந்துகொண்டுதான் இருந்தது. மகமையும் வந்துகொண்டுதான் இருந்தது.

அப்படி ஒரு வருஷம்தான், வெளியூரில் படித்துவிட்டு வந்த ஒரு கடைக்காரரின் மகன் கடையில் உட்கார்ந்து கணக்கைப் பார்த்தான். "மாசம் நல்லா இருக்கப்ப கொடுக்கலாம். இப்ப நிறுத்தி வைப்போமே அண்ணே" என்று என்னிடம் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அவன் அப்பா, கடைக்கார அண்ணாச்சி குறுக்கிட்டார். "அது நம்ம காசு இல்லப்பா, கேட்டு வாங்கி வச்சிருக்கோம். எடுத்துச் செலவழிக்க முடியாது" என்றார். அவர் சொன்னது வெறும் நல்லெண்ணம் இல்லை, சட்டமும் அதேதான். பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்கில் 1979இல் உச்ச நீதிமன்றம், வாங்குகிறவரிடமிருந்து தர்மத்துக்கென்று தனியாக வசூலித்த பணம் வியாபாரியின் வருமானம் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. தர்மத்துக்கே கட்டுப்பட்ட பணம் என்பது கணக்கிலும் தெரிய வேண்டும். அதனால்தான் மகமைக்குத் தனிப் பேரேடு, முடிந்தால் தனி வங்கிக் கணக்கு வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்கிறேன்.

சொந்தக் கையிலிருந்து கொடுக்கும் நன்கொடை வேறு கணக்கு. அதற்கு 80ஜி என்று சொல்லப்படும் வருமான வரிச் சலுகை வேண்டுமானால், வாங்கும் அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு அந்தச் சலுகையே இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் இரண்டும் கெடும்.

இப்போது எனக்குக் கவலை தருவது வேறு இடம். பெரிய நிறுவனங்கள் நேராகக் கொள்முதல் செய்ய வருகின்றன. அவர்களுடைய கொள்முதல் ஆர்டரில் மகமை என்று தலைப்பே இல்லை. பில்லில் அந்தத் தொகை இருந்தால் கழித்துக்கொண்டு பணம் அனுப்புகிறார்கள். அவர்கள் கணக்குப் பிரிவுக்கு போன் செய்து விளக்கிப் பார்த்தேன். சிஸ்டம் ஏற்காது என்றார்கள். சில கடைக்காரர்கள் அந்தத் தொகையைத் தாங்களே ஏற்றுக்கொள்கிறார்கள். எத்தனை நாள் முடியும்? சில்லறை வாடிக்கையாளரிடம் வாங்கி, பெரிய நிறுவனத்துக்கு விட்டுக்கொடுப்பது நியாயமாகவும் இல்லை. பெரிய லாரியில் சரக்கு ஏற்றிப் போகிறவர்தான் முதலில் கொடுக்க வேண்டியவர் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று, மூட்டைக்கு இவ்வளவு என்ற பழைய விகிதம். சரக்கு விலை எவ்வளவோ ஏறிவிட்டது, மோட்டார் காயில் கட்டும் கூலியும் ஏறிவிட்டது, மகமை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மூட்டையும் முன்போல ஒரே எடையில் வருவதில்லை. 50 கிலோவும் 25 கிலோவும் ஒரே தொகை கட்டுகின்றன. சரக்கு மதிப்பில் 100 ரூபாய்க்கு 10 பைசா என்று மாற்றினால் லட்ச ரூபாய் விற்பனைக்கு 100 ரூபாய். யாருக்கும் வலிக்காது, விலை ஏற ஏற அதுவும் கூடவே ஏறும். மூட்டை எண்ணி வசூலிப்பதுதான் பழக்கம், அதை மாற்றக் கூடாது என்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் பள்ளிக்காகத்தான் பேசுகிறார்கள். விகிதத்தைத் தொட்டால் மொத்தத்துக்கும் ஆபத்து வந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். போன வருஷத்து விற்பனையை இரண்டு விதமாகவும் போட்டு, கடைவாரியாக ஒரு தாள் தயாரித்து வைத்திருக்கிறேன். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அதை எல்லோர் கையிலும் கொடுக்கப் போகிறேன்.