ஒரே எடையில் இரண்டு பேர்

சென்னை வியாசர்பாடியில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நான் உடற்கல்வி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் எங்கள் பள்ளியில் மல்யுத்தப் பயிற்சியைத் தொடங்கினேன். அன்று என்னிடம் இருந்தவை 11 பிள்ளைகள், முன்பொரு காலத்தில் ஜூடோவுக்காக வாங்கி மேடைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த 36 விரிப்புகள், ஒரு டிஜிட்டல் எடை இயந்திரம் ஆகியவை மட்டுமே. தங்கள் பள்ளியிலும் இதைத் தொடங்க விரும்பும் ஆசிரியர்கள் சிலர் அண்மையில் என்னிடம் விவரம் கேட்டார்கள். அவர்களுக்குத் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் பகுதி கால்பந்துக்கும் கேரமுக்கும் பெயர் பெற்றது. குஸ்தி, கோதா, பயில்வான் ஆகிய சொற்களை வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் பிள்ளைகள் யாரும் ஒரு கோதாவை நேரில் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்தது டோக்கியோ ஒலிம்பிக்கை. 2021 ஆகஸ்டில் இந்திய மல்யுத்த வீரர் ரவி குமார் தஹியா அரையிறுதியில் 2–9 என்று பின்தங்கியிருந்த நிலையில் எதிராளியைத் தோள்பட்டை தரையில் படும்படி அழுத்தி வென்றதை, பள்ளி திறந்த பிறகும் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “பொண்ணுங்களுக்கும் இது உண்டா மிஸ்?” என்று கேட்டாள். 2004இல் ஏதென்ஸில் பெண்கள் மல்யுத்தம் ஒலிம்பிக்கில் சேர்ந்ததையும், 2016இல் ரியோவில் சாக்‌ஷி மாலிக் வெண்கலம் வென்றதையும் சொன்னேன். “அப்ப நம்ம ஸ்கூல்ல ஏன் இல்ல?” என்பது அவளுடைய அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் என்னிடம் இல்லாததால்தான் பயிற்சியைத் தொடங்கினேன்.

நான் கல்லூரிக் காலத்தில் ஜூடோ ஆடியவள். விழக் கற்றுக்கொடுக்க எனக்குத் தெரியும் என்பதால் முதல் ஒரு மாதம் விழுவதையும் உருளுவதையும் மட்டுமே சொல்லிக்கொடுத்தேன், அது வீண்போகவில்லை. ஆனால் ஜூடோவிலிருந்து வருபவர்கள் ஒன்றை முதலிலேயே அறிந்திருக்க வேண்டும். ஜூடோவில் எதிராளியின் காலைக் கையால் பிடிப்பதற்கு 2010 முதல் கட்டுப்பாடு வந்து, பின்னர் அது முற்றிலும் தடை செய்யப்பட்டுவிட்டது. ஃப்ரீஸ்டைல் என்னும் மல்யுத்த வகையோ கால்பிடியைச் சுற்றியே நடக்கிறது. முழங்காலைத் தரையருகே கொண்டுசென்று உள்ளே நுழைந்து இரு கால்களையும் சேர்த்து அணைப்பதும், அப்படி நுழைபவரின் மேல் இடுப்பை இறக்கிக் கால்களைப் பின்னால் வீசித் தடுப்பதும்தான் இதன் அரிச்சுவடி. இன்னொரு வேறுபாடும் உண்டு. ஜூடோவில் ஆபத்து வந்தால் ஆமைபோலக் குப்புறப் படுத்துக்கொண்டு, நடுவர் நிறுத்தும்வரை காத்திருக்கலாம். மல்யுத்தத்தில் அப்படிப் படுத்தால், எதிராளி இடுப்பைக் கட்டியோ, வட இந்தியப் பயிற்சியாளர்கள் ‘ஃபிதலே’ என்று சொல்லும் கணுக்கால் பூட்டைப் போட்டோ நம்மை உருட்டிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு உருளலுக்கும் இரண்டு புள்ளி. பத்துப் புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். எங்கள் முதல் மாவட்டத் தேர்வுப் போட்டியில் எங்கள் பிள்ளைகள் நால்வர் ஒரு நிமிடத்துக்குள் தோற்றது இப்படித்தான். ஆமைபோலப் படுக்கும் பழக்கத்தை அவர்களுக்குக் கொடுத்தவள் நான்.

நுட்பக் குறைகளைக் காணொளிகள் பார்த்தும், நேரு விளையாட்டரங்கில் அறிமுகமான மூத்த வீரர் ஒருவரை மாதம் ஒருமுறை அழைத்துவந்தும் ஓரளவு சரிசெய்துகொண்டோம். உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருந்தது. அதை உணர எனக்கு ஓராண்டு பிடித்தது.

கால்பந்தில் ஒரு பையன் வராவிட்டால் மற்றவர்கள் ஆடலாம். ஓட்டக்காரி தனியாகவே ஓடிப் பயிற்சி எடுக்கலாம். மல்யுத்தத்தில் 38 கிலோ எடையுள்ள பெண் அன்று வரவில்லை என்றால், அவளோடு பிடி பிடிக்கும் 40 கிலோ பெண்ணுக்கு அன்று பயிற்சியே கிடையாது. நான்கைந்து கிலோவுக்கு மேல் வேறுபாடு இருந்தால் சிறியவளுக்குக் கழுத்திலும் முழங்காலிலும் அடிபடும்; பெரியவளோ தவறான அசைவிலும் வெற்றி கிடைப்பதால் எதையும் கற்றுக்கொள்ள மாட்டாள். தொடக்கத்தில் இருந்த 11 பேரில் மிகச் சிறியவள் 36 கிலோ, மிகப் பெரியவன் 74 கிலோ. பையன்களையும் பெண்களையும் பிரித்துப் பார்த்தால், எடை ஒத்த ஜோடி என்று சொல்லத்தக்கவை மூன்றே மூன்று. ‘பெண்களுக்கும் உண்டா’ என்று கேட்டாளே, அந்த மாணவியின் ஜோடி 2022 நவம்பரில் குடும்பத்தோடு எண்ணூர்ப் பக்கம் வீடு மாறிப் போய்விட்டாள். அடுத்த இரண்டு வாரம் அவள் சுவரோரம் தண்டால், பஸ்கி எடுத்தபடி மற்றவர்கள் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வாரம் வரவில்லை. நான் வகுப்புக்குப் போய் அழைத்தபோது, “நான் யாரோட மிஸ் பிடிக்கிறது?” என்றாள். அவள் திரும்பி வரவே இல்லை. பயிற்சி தொடங்கக் காரணமாக இருந்த பிள்ளையையே இழந்தேன் என்பது இன்றுவரை எனக்கு வருத்தம்.

அதன் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். இடப்பக்கம் பெயரும் எடையும். வலப்பக்கம் ஜோடியின் பெயர். வலப்பக்கம் காலியாக இருக்கும் பிள்ளைதான் அடுத்து நம்மை விட்டுப் போகப்போகும் பிள்ளை. பலசாலிகளையும் துடுக்கானவர்களையும் தேடிப்பிடிப்பதை அன்றோடு நிறுத்தினேன். பள்ளி மருத்துவப் பரிசோதனையில் பதிவான உயரம், எடைப் பட்டியலை வகுப்பாசிரியர்களிடம் கேட்டு வாங்கி, வெற்றிடம் எந்த எடையில் இருக்கிறதோ அந்த எடையிலுள்ள பிள்ளைகளிடம் நேரடியாகப் போய்ப் பேசினேன். “43 கிலோவுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பெண் வேண்டும்” என்று நான் ஒன்பதாம் வகுப்பு வாசலில் போய் நின்றது வகுப்பாசிரியைக்கு முதலில் விளங்கவில்லை. விளக்கியதும் அவரே இருவரை அனுப்பினார். அந்த இருவரும் விளையாட்டு வகுப்பில் ஒருமுறைகூட முன்வரிசையில் நின்றிராதவர்கள். அவர்களுள் ஒருத்தி இன்று எங்கள் பள்ளியிலேயே மிக உறுதியாகத் தடுத்தாடுபவள்.

இரண்டு பேராக வைத்தால் போதாது, மூன்று பேராக வைக்க வேண்டும் என்பதையும் நோட்டுதான் காட்டியது. ஒருவருக்குக் காய்ச்சல் வரும், ஒருவர் ஊர்த் திருவிழாவுக்குப் போவார். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு இருக்கிறது. பத்தாம் வகுப்பில் ஜனவரிக்கு மேல் எந்தப் பெற்றோரும் காலை ஆறே காலுக்குப் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள், அது நியாயமும்கூட. ஆகவே ஒரே வகுப்புப் பிள்ளைகளை ஜோடி சேர்த்தால் இருவரும் ஒன்றாக நின்றுவிடுவார்கள் என்பதால், கூடியவரை ஒன்பதாம் வகுப்புக்கு ஏழாம் வகுப்பை இணைக்கிறேன். ஒரே தெருவில் வசிப்பவர்கள் ஒரே எடையில் அமைந்துவிட்டால் அதைவிட நல்லது வேறில்லை. இருட்டுப் பிரியாத நேரத்தில் இருவராக நடந்து வருகிறார்கள் என்றால் தாய்மார்கள் தயங்குவதில்லை.

தாய்மார்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடிபடும் என்ற பயத்தைவிட உடையைப் பற்றிய தயக்கமே அவர்களுக்கு அதிகம். போட்டியில் சிங்லெட் என்னும் உடலோடு ஒட்டிய உடையைச் சிவப்பிலோ நீலத்திலோ அணிந்தாக வேண்டும். பயிற்சிக்கு டி-சர்ட்டும் டிராக் பேண்டும் போதும் என்பதையும், போட்டிக்கு முன்பே அந்த உடையைத் தாய்மார்கள் நேரில் பார்க்கலாம் என்பதையும் சொல்லி, ஒரு சனிக்கிழமை காலையில் அவர்களைப் பயிற்சிக்கு அழைத்தேன். வந்திருந்த பாட்டி ஒருவர், “பயில்வானாயிட்டா இவள யாரு கட்டிப்பா?” என்று கேட்டார். நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது அவருடைய மகள், “அவளுக்கு இப்பத்தான் பதிமூணு வயசு, நீ சும்மா இரும்மா” என்று முடித்துவிட்டார். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு இருப்பதைச் சில ஆசிரியர்கள் பெற்றோரிடம் முதல் வாதமாக வைக்கச் சொல்கிறார்கள். நான் அதை வைப்பதில்லை. அது மிகச் சிலருக்கே கிட்டும். கிட்டாத பிள்ளையின் தாய் நாளை என்னை நம்பமாட்டார்.

அடுத்தது விரிப்பு. மேட் எனப்படும் மல்யுத்த விரிப்புத் தளம் சர்வதேச அளவில் 12 மீட்டருக்கு 12 மீட்டர். அதன் மேல் 9 மீட்டர் விட்டமுள்ள ஆடுகள வட்டம். அதன் விலை எங்களுக்கு எட்டாது. எங்கள் 36 விரிப்புகளைச் சேர்த்தால் கிடைத்த 6 மீட்டர் சதுரத்தில் ஒரே நேரத்தில் மூன்று ஜோடிகள் முழங்காலில் நின்றபடி பிடிக்கலாம், நின்றபடி என்றால் ஒரு ஜோடிதான். பெற்றோர் ஆசிரியர் கழகமும் முன்னாள் மாணவர்களும் உதவியதில் விரிப்புகளின் எண்ணிக்கை 64 ஆனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பள்ளியின் தரைத்தளத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர். விரிப்புகள் நான்கு நாள் அதிலேயே ஊறின. மொட்டை மாடியில் காயவைத்தோம். மேலே காய்ந்ததுபோல் தோன்றினாலும் இணைப்புப் பற்களுக்குள் சாக்கடை நீரின் வாடை போகவில்லை. 40 விரிப்புகளைத் தூக்கியெறிந்துவிட்டு மீதியைக் காப்பாற்றலாம் என்று நினைத்தது என் தவறு. ஜனவரி இறுதிக்குள் ஒன்பது பிள்ளைகளுக்குக் கழுத்திலும் முன்கையிலும் படர்தாமரை.

மல்யுத்தம் தொடங்குபவர்கள் முதல் நாளிலிருந்தே தோல் நோயை எதிர்பார்க்க வேண்டும், அதிலும் சென்னையின் வியர்வைக் காலத்தில். படர்தாமரையைவிட எங்களுக்கு அதிகத் தொல்லை தந்தது வீட்டு வைத்தியம். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. பூசிய இரண்டு நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கும். பூஞ்சையோ அடியில் பரவிக்கொண்டிருக்கும். அரசு மருத்துவமனைத் தோல் மருத்துவர் ஒருவர் இதை விளக்கிய பிறகு, ஒன்பது பேரையும் அவரிடமே அழைத்துச் சென்றேன். அவர் அனுமதிக்கும்வரை யாரும் மேட்டில் கால்வைக்கவில்லை. இப்போது தினமும் பயிற்சிக்கு முன் ஒரு பங்கு ப்ளீச்சுக்கு நூறு பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டுப் பிறகு உலர்த்துகிறோம். செருப்போடு யாரும் மேட்டில் ஏறக் கூடாது, மேட்டில் போடும் ஷூவோடு கழிவறைக்குப் போகக் கூடாது. பயிற்சிக்கு முன் நகத்தையும் கழுத்தையும் முன்கையையும் ஜோடிகளே ஒருவரையொருவர் பார்த்துச் சொல்கிறார்கள். நான் பார்த்தபோது மறைத்தவர்கள், தன் ஜோடிக்கு ஒட்டும் என்று தெரிந்தபின் மறைப்பதில்லை.

இனிச் சொல்லப்போவதை எழுதத் தயங்கினேன். 2024 ஆகஸ்டில் பாரிஸில் வினேஷ் போகட் 50 கிலோ எடைப் பிரிவின் இறுதிப் போட்டியன்று காலையில் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டபோது எங்கள் பிள்ளைகள் அழுதார்கள். அதிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டது, இன்னும் கடுமையாக எடையைக் குறைத்திருக்க வேண்டும் என்பது. அதை நான் கவனிக்கவில்லை. அடுத்த மாதத் தேர்வுப் போட்டிக்கு முன், 53 கிலோ இருந்த பையன் ஒருவனிடம், “51 கிலோ பிரிவில் இறங்கினால் உனக்கு வாய்ப்பு அதிகம்” என்று நான் சொல்லியிருந்தேன். அவன் கடைசி இரண்டு நாள் தண்ணீரை நிறுத்திவிட்டு, மழைக்கோட்டு அணிந்துகொண்டு மொட்டை மாடியில் வெயிலில் ஓடியிருக்கிறான். எடை சரியாக 51. முதல் ஆட்டத்தின் இரண்டாம் பகுதியில் இரு கெண்டைக்கால்களும் இழுத்துக்கொண்டு மேட்டிலேயே சாய்ந்தான். மருத்துவமனையில் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றிய பிறகே அவனுக்குப் பேச்சு தெளிந்தது. அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்து நான் சொன்ன ஒரே வாக்கியம், “நான் சொன்னதால்தான் செய்தான்” என்பது.

அன்றிரவு முதல் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 1997 நவம்பர், டிசம்பரில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் எடை குறைக்கும் முயற்சியிலேயே இறந்திருக்கிறார்கள். அதன்பின் அங்கே விதிகள் மாறின. உயர்நிலைப் பள்ளிகளிலும் பருவத் தொடக்கத்திலேயே, உடலில் நீர்ச்சத்து போதுமான அளவு இருப்பதைச் சிறுநீர்ப் பரிசோதனையால் உறுதிசெய்து, கொழுப்பின் அளவைக் கணித்து, அந்தப் பிள்ளை இறங்கக்கூடிய மிகக் குறைந்த எடையை நிர்ணயிக்கிறார்கள். பையன்களுக்கு 7 விழுக்காட்டுக்கும் பெண்களுக்கு 12 விழுக்காட்டுக்கும் கீழே கொழுப்பு போகக் கூடாது. வாரத்துக்கு உடல் எடையில் 1.5 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 53 கிலோ பையனுக்கு அது ஏறத்தாழ 800 கிராம். அவன் இரண்டு நாளில் இரண்டு கிலோ இறக்கியிருந்தான். அந்தப் பரிசோதனைகளைச் செய்ய எங்களுக்கு வசதி இல்லை. ஆகவே எங்கள் விதி இன்னும் எளிது: மதிய உணவு சாப்பிட்ட பிறகு இருக்கும் எடை எதுவோ, அதற்குரிய பிரிவில்தான் இறங்க வேண்டும். 17 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 40, 43, 46, 49 என்று பிரிவுகள் நெருக்கமாகவே இருக்கின்றன. 47 கிலோ பெண் 49இல் ஆடித் தோற்றாலும் அடுத்த ஆண்டு அந்த எடைக்கு அவளே வளர்ந்திருப்பாள். இதனால் சில பதக்கங்கள் கைநழுவியிருக்கலாம் என்று ஒரு பயிற்சியாளர் என்னிடம் சொன்னார். நான் மறுக்கவில்லை, விதியையும் மாற்றவில்லை. அந்தப் பையன் அடுத்த ஆண்டு 55 கிலோவில் ஆடினான். மாநிலப் போட்டிக்குத் தேர்வாகவில்லை, ஆனால் ஒருநாள்கூடப் பயிற்சிக்கு வராமல் இருந்ததில்லை.

இப்போது 35 பேர் வருகிறார்கள், அவர்களில் 15 பேர் பெண்கள். மூவரைக் கொண்ட குழுக்கள் எட்டும், இரட்டையர் ஐந்தும் நோட்டில் இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை எடை பார்த்து மறுபடி எழுதுகிறோம். மூன்று மாதத்துக்குள் பாதிப் பெயர்கள் இடம் மாறிவிடும், வளரும் பிள்ளைகள் அல்லவா. இந்த வாரம் வலப்பக்கம் ஒரே ஒரு இடம்தான் காலி. ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், 31 கிலோ. நாளைக் காலை பிரார்த்தனை முடிந்ததும் ஆறாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்குப் போகிறேன். எடைப் பட்டியலின்படி அங்கே 30 கிலோவில் ஒருவனும் 32 கிலோவில் இருவரும் இருக்கிறார்கள்.